நாலாம் நம்பர் மெசினில் பதினான்கு குறைகள்

24 ஜூன் 2025, செவ்வாய்

பஸ்ஸில் என் ஜன்னல் சீட்டில் கண்ணகி உட்கார்ந்திருந்தாள். நான் ஏறியதும் "வா ஏஞ்சலு" என்று பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். எழுந்திருக்கவில்லை. சீட்டில் உன் பேரா எழுதியிருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? கச்சிராயபாளையத்திலிருந்து கம்பெனி வரைக்கும் அவள் தலையில் இருந்த கனகாம்பரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்டில் வாட்ச்மேன், சேமியாவில் விழும் என்று பூவை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

இதெல்லாம் ஒரு சந்தோஷமா? எழுதிப் பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வெட்கப்படுவதை எங்கேயாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே.

30 ஜூன், திங்கள்

மெயின்டனன்ஸ் இன்ஜினியர் பகலவன் சார் பேக்கிங் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு மீட்டிங் போட்டார். சாமை சேமியாவுக்கு ஆர்டர் குவிகிறதாம், ஆனால் பாக்கெட் போடும் மெசின்கள் பாதி நாள் படுத்துக்கொள்கின்றனவாம்.

"மெசின் நின்னப்புறம் ஓடியாந்து பாக்கறது வேலை இல்லைங்க. நிக்கறதுக்கு முன்னாடியே நமக்குத் தெரியணும்" என்றார்.

நாளையிலிருந்து மூன்று மாதம் ஒவ்வொரு மெசினும் எத்தனை மணி நேரம் நின்றது என்று போர்டில் எழுதுவார்கள். தானாக நின்றால் கணக்கு. முன்கூட்டியே சொல்லி, நிறுத்திப் பழுது பார்த்தால் கணக்கில்லை. யார் மெசின் மிகக் குறைவாக நிற்கிறதோ அவர் லைன் இன்சார்ஜ். பெர்மனன்ட். நீலக் கோட்டு.

எட்டு வருடமாகப் பச்சைக் கோட்டு போடுகிறேன். பச்சை என்றால் கான்ட்ராக்ட். நீலக் கோட்டுக்காரர்களுக்குத் தனி லாக்கர் இருக்கிறது. அவர்களை மேனேஜர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எங்களை "பச்ச, இங்க வா" என்பார். எனக்கு அந்த நீலம் வேண்டும். வேறு யாருக்கு வேண்டும் என்பதும் தெரியும். மீட்டிங்கில் எதிரே நின்ற கண்ணகி போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நம்பர் மெசின் என்னுடையது, நான்காம் நம்பர் அவளுடையது. மற்ற நான்கும் ஓட்டை மெசின்கள், அவற்றின் ஆட்கள் போட்டியிலேயே இல்லை. கண்ணகியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான்.

3 ஜூலை, வியாழன்

சிவப்பு அட்டையில் ஒரு சீட்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு 'குறைச் சீட்டு'. கீழே மெசின் எண், குறை, கண்டவர் பெயர். கண்ணில் படும் குறையை எழுதி மெசினிலேயே கயிற்றில் மாட்டிவிட வேண்டுமாம்.

ஃபிட்டர் ராஜாங்கம் அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்டவர் பெயராம். கண்டவன் பேரெல்லாம் எழுதினா எவன் படிக்கறது?" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

யாரும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்? குறை என்றல்லவா போட்டிருக்கிறது. எட்டு வருடமாகத் துடைத்து வைத்த மெசினில் குறை என்று நானே எழுதிச் சிவப்பில் தொங்கவிட்டால், போகிறவன் வருகிறவன் எல்லாம் என்ன நினைப்பான்? வீட்டுக்கு வந்தவர்களிடம் நம் வீட்டுக் குறையையா சொல்வோம்? மொத்தக் கம்பெனியிலும் தொங்குவது மூன்று சீட்டு. மூன்றும் பாத்ரூம் குழாயைப் பற்றி.

11 ஜூலை, வெள்ளி

கண்ணகிக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது, கையெழுத்துப் போடுவதற்கே நாக்கைக் கடித்துக்கொள்வாள். எட்டு வருடமாக அவளுடைய லெட்டர் எல்லாம் நான் எழுதியதுதான். நான் லீவு போட்டது இரண்டே நாள், அதுவும் போனில் சொன்னது.

"உன் கையெழுத்து அச்சு மாதிரி கீதுடி" என்றாள். அவள் புகழ்ந்தால்கூட எரிச்சல் வருகிறது. ஒருநாள் லீவில் மெசின் நின்றால் அது அவள் கணக்கில்தான் ஏறும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

12 ஜூலை

அவள் லீவிலும் நான்காம் நம்பர் நிற்கவில்லை.

22 ஜூலை, செவ்வாய்

என் மெசினில் முன்பக்க பேரிங்கிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. காலையில் ஓட்டிய உடனே கிர்ர் என்று, பிறகு அடங்கிவிடுகிறது. யாரும் பக்கத்தில் இல்லாதபோது கொஞ்சம் கிரீஸ் வைத்தேன். பாக்கெட் ஒட்டும் இடத்தில் ஒரு பக்கம் சரியாக ஒட்டுவதில்லை. அட்டைத் துண்டை மடித்துப் பின்னால் செருகியிருக்கிறேன், நன்றாகவே ஒட்டுகிறது. இதையெல்லாம் எழுதி மாட்டினால் நீலக் கோட்டா வரும்?

31 ஜூலை, வியாழன்

போர்டில் ஜூலைக் கணக்கு. மூன்றாம் நம்பர் ஆறு மணி பத்து நிமிடம். நான்காம் நம்பர் ஐந்து மணி இருபது நிமிடம்.

ஐம்பது நிமிடம். அவ்வளவுதான் வித்தியாசம். சாப்பாட்டு நேரத்தில் அவள் அந்தப் போர்டுக்கு எதிரே போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். வேண்டுமென்றேதான். இல்லை, அங்கேதான் மின்விசிறி இருக்கிறது. இல்லை, வேண்டுமென்றேதான்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எட்வின் வெள்ளிமலையிலிருந்து எங்கள் கம்பெனிக்குச் சாமை மூட்டை ஏற்றி வரும் ஜீப் ஓட்டுகிறார். "கண்ணகி மெசினு நல்லா ஓடுதுன்னு குடோன்ல கூடப் பேசிக்கினு இருந்தாங்க" என்றார். சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ரசம் அவரே ஊற்றிக்கொள்ளட்டும்.

6 ஆகஸ்ட், புதன்

செய்துவிட்டேன்.

இன்று கண்ணகிக்கு வார விடுமுறை. அவள் மெசினை வேறு ஒரு பெண் ஓட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனதும் ஒரு கட்டுச் சிவப்புச் சீட்டு எடுத்துக்கொண்டு நான்காம் நம்பரைச் சுற்றி வந்தேன். யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. எட்டு வருடமாக என் மெசினை ஒரு கண்ணாலும் அவள் மெசினை இன்னொரு கண்ணாலும் பார்ப்பவள் நான். பிலிம் ரோல் இடது பக்கம் விரல் அளவு இழுக்கிறது. கத்தியின் வலது முனை மழுங்கிவிட்டது. பாக்கெட்டை எண்ணும் கண்ணாடிக்கண்ணில் மாவு படிகிறது, மேலே மூடி இல்லை. சங்கிலி வெள்ளிக்கிழமைகளில் தளர்ந்து தொங்குகிறது, ஏனென்றால் வியாழன் இரண்டு ஷிப்டு ஓடுகிறது. கீழ்த்தட்டில் நான்கு போல்ட்டுக்கு மூன்றுதான் இருக்கிறது. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. பதினான்கு.

பேர் போடவில்லை. மாட்டிவிட்டு எட்ட நின்று பார்த்தேன். கோவில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டியது போல இருந்தது. நாளைக்குக் காலையில் வந்து பார்க்கட்டும். ஊரே பார்க்கட்டும், அவள் மெசின் லட்சணத்தை.

மிச்சச் சீட்டுக் கட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

அவள் முகம் விழுந்துவிட்டது. ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு நேரமாகும். சிலர் சிரித்தார்கள். "இன்னா கண்ணகி, உன் மெசினுக்கு அம்ம போட்ருக்கா?" என்று ராஜாங்கம் அண்ணன் கேட்டார். அவள் என் பக்கம் ஒருமுறை திரும்பினாள். நான் பிலிம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான்காம் நம்பரை முன்கூட்டியே சொல்லி நிறுத்தி, நாலு ஃபிட்டர்கள் சேர்ந்து பதினான்கையும் சரி செய்துவிட்டார்களாம். புதுக் கத்தி. புதுச் சங்கிலி. கண்ணாடிக்கண்ணுக்கு மூடி. சொல்லி நிறுத்தியதால் போர்டில் ஒரு நிமிடம்கூட ஏறவில்லை.

இன்று முழுதும் அந்த மெசின் கிண்கிணியென்று ஓடியது. என் மெசினில் ஒரு சீட்டும் இல்லை என்பதால் யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நான் என்ன காரியம் செய்துவைத்திருக்கிறேன்?

14 ஆகஸ்ட், வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை, ஆனால் எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மீட்டிங்கில் பகலவன் சார் அந்தப் பதினான்கு சீட்டையும் மேசையில் பரப்பி வைத்தார். "இப்படி ஒரு சீட்டை நான் எந்தக் கம்பெனியிலயும் பாத்ததில்லைங்க. சங்கிலி வெள்ளிக்கிழமை தளருது, ஏன்னா வியாழன் டபுள் ஷிப்டு. இத இன்ஜினியர் கூட எழுத மாட்டான். மெசின் மேல பாசம் இருந்தாத்தான் இது வரும்" என்றார்.

பாசமாம்.

பிறகு சொன்னார், பேர் போடாவிட்டாலும் ஆபீஸ் ஃபைலில் இருந்த லீவு லெட்டரை வைத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்த்துவிட்டாராம். அவள் லீவு நாளில் யார் மாட்டினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை போல. "தன் மெசின் குறையத் தானே எழுத ஒரு தைரியம் வேணும். கண்ணகிக்குக் கை தட்டுங்க."

கண்ணகியின் லீவு லெட்டர். என் கையெழுத்து.

எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே! என் கண்ணு, என் கையி, என் எழுத்து, பேரு மட்டும் அவளுக்கா?

15 ஆகஸ்ட்

மாதா விண்ணேற்புத் திருநாள். பூசையில் நின்றேனே தவிர மனம் நான்காம் நம்பரில் இருந்தது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

சொல்லிவிடுவது என்று பகலவன் சார் அறைக்குப் போனேன். "என்னங்க ஏஞ்சலின்?" என்றார். அந்தச் சீட்டு நான் எழுதியது என்றால் அடுத்த கேள்வி என்ன வரும்? அவ மெசினுக்கு நீ ஏன் எழுதினே, அவ இல்லாத நாளா பாத்து, பேர் போடாம? இதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது?

"கையுறை தீந்துடுச்சிங்க சார்" என்றேன். ஒரு பாக்கெட் கொடுத்தார்.

என்னைப் பார்த்துத்தான் இப்போது எல்லாரும் சீட்டு எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். தப்பு, கண்ணகியைப் பார்த்து. ஐந்தாம் நம்பரில் ஆறு தொங்குகிறது, ஒன்றாம் நம்பரில் எட்டு. என் மெசின் மட்டும் சுத்தமாக நிற்கிறது. இப்போது எழுதினால் அவளைப் பார்த்துக் காப்பி அடிக்கிறேன் என்பார்கள். மாட்டேன்.

1 செப்டம்பர், திங்கள்

ஆகஸ்ட் கணக்கு. நான்காம் நம்பர் நாற்பது நிமிடம். மூன்றாம் நம்பர் ஏழு மணி நேரம்.

9 செப்டம்பர், செவ்வாய்

பேரிங் சத்தம் இப்போது காலையில் மட்டும் இல்லை. ராஜாங்கம் அண்ணன் போகிறபோது நின்று காதைக் கொடுத்தார். "இன்னாம்மா, கத்துதே?" என்றார். "பக்கத்து மெசினுண்ணே" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

17 செப்டம்பர், புதன்

காலை பத்தரைக்கு மெசின் நின்றது. நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை. பேரிங் இறுகி, உள்ளே சுற்றும் இரும்புத் தண்டையும் அரித்துவிட்டது. சாமானுக்காகச் சென்னைக்குப் போன் போட்டு, அவர்கள் திருச்சி பஸ்ஸில் பார்சல் ஏற்றி, ராஜாங்கம் அண்ணன் உளுந்தூர்பேட்டைக்குப் பைக்கில் போய்ப் பஸ்ஸை மறித்து வாங்கி வருவதற்கே பொழுது சாய்ந்துவிட்டது. பதினோரு மணி நேரம்.

பாக்கெட் போக வழியில்லாமல் உள்ளே சேமியா தேங்கி, குடோனில் மூட்டை இறக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். எட்வின் ஜீப்போடு வெளியே வெயிலில் நின்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பழைய பேரிங்கை ராஜாங்கம் அண்ணன் என் கையில் வைத்தார். "இது ரெண்டு மாசமா சொல்லிக்கினே இருந்திருக்கும்மா. நீதான் கேக்கல" என்றார்.

கேட்டேன் அண்ணே. நன்றாகவே கேட்டது.

18 செப்டம்பர்

நீலம் போய்விட்டது. இனி எழுத ஒன்றும் இல்லை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூசை. மெசின்களுக்கு எல்லாம் சந்தனம், பொட்டு. மேனேஜர் கையால் கண்ணகிக்கு நீலக் கோட்டு கொடுத்தார்கள். கை நீளம் பெரிதாக இருந்தது, மடித்துவிட்டுக்கொண்டாள். எனக்குச் சரியாக இருந்திருக்கும்.

6 அக்டோபர், திங்கள்

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போனேன். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தச் சீட்டு நீ எழுதினதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எட்டு வருசமா எனக்கு லெட்டரு எழுதற கையி, எனக்குத் தெரியாதா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு எழுதினேன்னும் தெரியும்" என்றாள்.

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"சார் கை தட்டச் சொல்லிட்டாரு. எனக்கும் வேணும் இல்ல? எங்க வூட்ல எல்லாம் கூலிக்குப் போறவங்க. பெர்மனன்ட்டுன்னு ஒரு ஆளு இல்ல. வாய மூடிக்கினேன்." பிறகு, "நீ கெட்டது செய்யப் போயி எனக்கு நல்லதாயிடுச்சு. நான் வாய மூடிக்கினது யாருக்கு நல்லதாச்சு? தூக்கமே வரலடி" என்றாள்.

இறங்கும்போது அவள் பையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள்மேல் கோபமாக இருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்த அன்றைக்குப் பார்த்துக் கோபம் வரவில்லை. பொறாமை இருக்கிறது. அது எங்கே போகும்?

13 அக்டோபர், திங்கள்

நேற்று எனக்கு ஞாயிறு விடுமுறை. இன்று போனால் என் மெசினில் சிவப்பாகத் தொங்குகிறது. ஒன்பது சீட்டு.

பழிக்குப் பழியா? எடுத்துப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. ஒன்பதிலும், கண்டவர் பெயர் என்ற இடத்தில், 'கண்ணகி' என்று இருந்தது. ஒன்றில் இப்படி: 'சீலு ஒரு பக்கம் புடிக்கல. அட்ட மடிச்சி வெச்சிகிது. ஏஞ்சலுக்கு தெரியும். சொல்லமாட்டா.'

அட்டை இன்னும் அங்கேயேதான் இருந்தது.

ஒன்பது சீட்டு எழுத அவளுக்கு ஞாயிறு முழுதும் ஆகியிருக்கும். இதைப் பகலவன் சார் பார்த்தால் போதும், அந்தப் பதினான்கை எழுதியது இந்தக் கை இல்லை என்று தெரிந்துவிடும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தே பேர் போட்டு மாட்டியிருக்கிறாள். கழற்றி என் கையெழுத்தில் மாற்றி எழுதிவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். எழுதிவிட்டால் அவள் தப்பிப்பாள். மாற்றாமல் விட்டால் மாட்டுவாள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. மாற்றினால் அவள் துணிந்து போட்ட பேர் கெடுகிறது, மாற்றாவிட்டால் அவளை மாட்டிவிட்டவள் நான் ஆகிறேன்.

அப்புறம் எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான் கண்டிருக்கிறாள். என் மெசினில் பதின்மூன்று இருக்கிறது. பின்பக்கப் பெல்ட்டை அவள் பார்க்கவே இல்லை. மூன்றாவது உருளையையும். என் மெசினைப் பற்றி என்னைவிட அவளுக்குத் தெரியும் என்று ஊர் நினைக்கவா? மிச்சம் நான்கையும் எழுதினேன். ஏஞ்சலின் என்று பேர் போட்டு அவள் சீட்டுகளுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன்.

14 அக்டோபர், செவ்வாய்

பகலவன் சார் பதின்மூன்று சீட்டையும் படித்தார். என் நான்கைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடையதைப் பார்த்தார், மறுபடி என்னுடையதைப் பார்த்தார். இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணகி முந்திக்கொண்டாள். "அந்தப் பதினாலும் ஏஞ்சலு எழுதினது சார். நான் சொல்லாம வுட்டுட்டேன்."

"ஏன் பேர் போடலைங்க?" என்று என்னைக் கேட்டார்.

கையுறை என்று சொல்லத்தான் வாய் போனது. "அவளக் கேவலப்படுத்தத்தான் சார் எழுதினேன்" என்றேன்.

அவர் போர்டைக் காட்டி, நின்ற நேரம்தான் கணக்கு, சீட்டு யார் எழுதினது என்பது கணக்கில் இல்லை, கண்ணகியின் வேலையில் மாற்றமில்லை என்றார். என்னைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றார். வெளியே வந்ததும் கண்ணகி மூக்கைச் சிந்தினாள். புது நீலக் கோட்டில்.

5 நவம்பர், புதன்

இந்த வாரத்திலிருந்து புதன், சனி இரண்டு நாளும் நான் மெசின் ஓட்ட வேண்டாம். ஆறு மெசினையும் சுற்றி வந்து குறை பார்த்து எழுதுவதுதான் வேலை. கோட்டு பச்சைதான். நீலத்தை மார்ச்சில் பார்க்கலாம் என்கிறார்கள். கையெழுத்து மட்டும் எல்லாருக்கும் தெரியும்படி என் பேரோடு இருக்க வேண்டும் என்று பகலவன் சார் சொல்லியிருக்கிறார்.

எங்கே ஆரம்பிக்கிறாய் என்று கண்ணகி கேட்டாள். நான்காம் நம்பரில் என்றேன். "தெரியும்" என்று ஒதுங்கி நின்று வழி விட்டாள்.

பதினாறு கண்டேன். முந்தையதைவிட இரண்டு ஜாஸ்தி. எல்லாவற்றிலும் பேர் போட்டேன். வேண்டுமென்றே தேடினேன் என்று இனி யாரும் சொல்ல முடியாது, தேடுவதுதான் என் வேலை.